தண்ணீரின் நிறம் பார்த்துத் தூண்டில் போடுங்கள்

கேள்வி: சார், மே மாதம் மகனுடன் உத்தராகண்டில் நைனிதால் பக்கத்து நௌகுசியாத்தால் ஏரிக்குப் போயிருந்தேன். அனுமதிச் சீட்டு வாங்கி, இரண்டு நாளும் பகலெல்லாம் ஒரே இடத்தில் உட்கார்ந்தும் தக்கை அசையவே இல்லை. எங்கள் பக்கம் அடியில் கிடக்கும் கல்கூடத் தெரிந்தது. எதிர்க்கரையோரம் மட்டும் தண்ணீர் பச்சை. இடம் தப்பா?
- வாசகர், மயூர் விஹார், தில்லி

பதில்: இடமும் தப்பு, நேரமும் தப்பு. தாமிரபரணிப் பக்கத்துக் குளத்தில் தூண்டில் பழகியவன் நான். அங்கே தண்ணீர் எப்போதும் கலங்கல்தான். கரையோரம் போட்டாலே கெண்டை கொத்தும். தில்லி ராமகிருஷ்ணபுரத்திலிருந்து முதன்முறை, நீங்கள் போன ஏரிக்குப் பக்கத்திலிருக்கும் பீம்தால் ஏரிக்குப் போனபோதும் அப்படியே காலை பத்து மணி வெயிலில் நின்றேன். படகுக்காரர் தண்ணீருக்குள் கையைக் காட்டினார். அடிக்கல் மேல் என் நிழல் விழுந்திருந்தது. அங்கே எந்த மீன் வரும்?

வெளிச்சம் எவ்வளவு ஆழம் போகிறது என்பதை நிறம் சொல்லிவிடும். வெளிச்சம் போகும்வரைதான் நீர்ச்செடி முளைக்கும்; செடி முடிகிற விளிம்பில்தான் மீன் சுற்றும். ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி, கூடவே ஒரு கல்லையும் கட்டி, படகிலிருந்து இறக்குங்கள். இத்தாலியப் பாதிரியார் ஆஞ்செலோ செக்கி 1865-இல் மத்தியதரைக் கடலில் செய்த சோதனைதான் இது. தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தைப் போல இரண்டு மடங்குவரை செடி இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். தோராயக் கணக்குதான், ஆனால் எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது. 2 மீட்டரில் மறைந்தால் 4 மீட்டர் ஆழத்தில் தேடுங்கள். அரை மீட்டரிலேயே மறைந்தால் கரையை விட்டு நகரவே வேண்டாம். நௌகுசியாத்தால் சுமார் 40 மீட்டர் ஆழம். நடு ஏரியில் போட்டால் முள் இருட்டில்தான் தொங்கும்.

தெளிந்த தண்ணீர் என்றால் விடியலும் அந்தியும்தான் நேரம். மெல்லிய தங்கூஸ் (நைலான் தூண்டில் நூல்) போடுங்கள், தண்ணீர் விளிம்பிலிருந்து நாலடி பின்னால் தள்ளி உட்காருங்கள்.

சரி, அந்தப் பச்சைக்கு வருகிறேன். பெரும்பாலும் காற்று ஒதுக்கிய நுண்பாசியாக இருக்கும். அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் அங்கே சேரும், அவற்றைத் தேடிக் குஞ்சு மீன், அதன் பின்னால் பெரிய மீன். நான் அந்தக் கரைக்குத்தான் போயிருப்பேன். ஆனால் பாசி இரவெல்லாம் பிராணவாயுவை உறிஞ்சுவதால், பச்சைத் தண்ணீரில் விடியற்காலை மீன் சோர்ந்து கிடக்கும். வெயில் ஏறியபின் போடுங்கள். பெயின்ட் மாதிரி திட்டாகப் படிந்திருந்தால் கிட்டவே போகாதீர்கள்.

மழைக்குப் பின் ஓடைநீர் செம்மண்ணோடு ஏரியில் கலக்கும் இடத்தில், கலங்கலும் தெளிவும் சேரும் கோட்டில் மண்புழு போட்டுப் பாருங்கள். கலங்கலில் மீன் கண்ணைவிட மோப்பத்தை நம்பும்.

மகசீர் சிக்கினால் கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள். அழிந்துவரும் மீன் அது. படம் எடுக்க நேரம் போக்காமல் முள்ளைக் கழற்றி, மகன் கையாலேயே தண்ணீரில் விடச் சொல்லுங்கள்.