முதல் நேர்ஸ் வேலை, சம்பளம் குறைவு: போறதோ விடுறதோ?

சாவகச்சேரியில இருந்து ஒரு பிள்ளை கேட்டிருக்கிறா: "மூன்று வருச நேர்சிங் டிப்ளோமா முடிச்சிட்டன் அக்கா. யாழ்ப்பாணம் ரவுணில ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரி கூப்பிட்டிருக்கு. பேசிக் 18,000, இன்சென்ரிவ் 17,000, மொத்தம் 35,000 என்டு சொல்லினம். ரெண்டு வருசம் விட்டுப் போகேலாதெண்டு பொண்ட், ஒரிஜினல் சேர்டிபிகேட்டும் குடுக்கோணுமாம். வேலையைப் பற்றிச் சொன்ன அண்ணா முதல் மாசச் சம்பளத்தைத் தனக்குத் தரச்சொல்லுறார். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்குமே நிறையப் போயிடும். போறதோ விடுறதோ?"

பிள்ளை, வேலைக்குப் போங்கோ, ஆனா அவை தாற வேலைக் கடிதத்தில இப்பிடியே கையெழுத்து வைக்காதேங்கோ.

முதல் வேலையில சம்பளம் குறைவு என்டது எங்கட தொழிலில புதுசில்லை. படிச்சு முடிச்சுப் போட்டு வீட்டில ஒரு வருசம் இருந்தா கை மறந்து போகும், ஊசி போடுறது, ட்ரிப் ஏத்துறது, மருந்துச் சார்ட் பாக்கிறது எல்லாம் செய்யச் செய்யத்தான் வரும். அதோட வளைகுடாப் பக்கம் போறதெண்டா பொதுவா ரெண்டு வருச அனுபவம் கேப்பினம். அதால ஐசியூ, ஒப்பரேஷன் தியேட்டர், டயலிசிஸ் மாதிரி இடத்தில போடுறன் எண்டா கொஞ்சம் குறைச்சும் போகலாம். ஓபிடியில (வெளிநோயாளர் பகுதி) டிக்கெற் எழுதிக்கொண்டும் பில்லை தூக்கிக்கொண்டும் திரியிற வேலையெண்டா அந்தக் காசுக்கு வேண்டாம். எந்த வோர்ட் என்டு கேட்டுப் பாருங்கோ, உங்கட முடிவில பாதி அதிலதான் இருக்கு.

இப்ப உந்த 18,000 க்கு வருவம். 2026 ஜனவரியில இருந்து இலங்கையில தனியார் வேலைக்கு மாதக் குறைஞ்ச சம்பளம் 30,000. பேசிக்கை 18,000 என்டு போட்டு மிச்சத்தை இன்சென்ரிவ் என்டு எழுதினா பாக்க 35,000 தான், கூடத்தான் தெரியும், ஆனா ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டேக்க அந்தக் குட்டிப் பேசிக்கில கட்டப்போகினம், லீவு எடுத்த மாசம் இன்சென்ரிவை வெட்டப்போகினம். கணக்கைப் பாருங்கோ. உங்கட சம்பளத்தில 8 வீதம் வெட்டுப்படும், முதலாளி தன்ர காசில 12 வீதம் போடோணும், ஈரிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) இன்னும் 3 வீதம், அதுவும் அவையின்ர காசு. 30,000 க்கு அவை போடவேண்டியது மாசம் 4,500. 18,000 க்கு 2,700 தான். ஒவ்வொரு மாசமும் 1,800 ரூபாய் உங்களுக்குத் தெரியாமலே போகுது. பேசிக்கை 30,000 ஆக்கி எழுதித் தாங்கோ என்டு கேளுங்கோ, அது சலுகை இல்லை, சட்டம்.

ஒரிஜினல் சேர்டிபிகேட் குடுக்கவே குடாதேங்கோ. இதை நான் எத்தினை பிள்ளையளுக்குச் சொல்லியிருப்பன் தெரியுமோ, குடுத்துப்போட்டு அழுதுகொண்டு வருவினம். நாளைக்கு அரசாங்க வேலைக்கு அப்ளிகேஷன் கூப்பிட்டா, இல்லாட்டி வேற நல்ல இடம் கிடைச்சா, ஒரிஜினலைக் காட்டெண்டு கேப்பினம், உங்கட சேர்டிபிகேட் அவையின்ர லாச்சிக்குள்ள பூட்டிக் கிடக்கும். போட்டோ கொப்பி எடுத்து உறுதிப்படுத்திக் குடுங்கோ, ஒரிஜினலை நேர காட்டிட்டுத் திருப்பி வாங்கிக்கொண்டு வாங்கோ. வெறும் பேப்பரில கையெழுத்து, தொகை போடாத செக் ரெண்டையும் கிட்டவும் எடுக்காதேங்கோ.

பொண்ட் எண்டா எல்லாமே பொல்லாதது இல்லை. ஒரு இடத்தில மட்டும் நியாயம் இருக்கு: ஆஸ்பத்திரி தன்ர காசைச் செலவழிச்சு உங்களைப் படிப்பிக்கேக்க. உதாரணத்துக்கு டயலிசிஸ் ட்ரெயினிங்குக்கு மூன்று மாசம் கொழும்புக்கு அனுப்பி, பீஸ் கட்டி, தங்க இடமும் தந்தா, அவை ஒரு வருசம் நில்லெண்டு கேக்கிறது பிழையில்லை. ஆனா அதுக்கும் செலவழிச்ச தொகை கடிதத்தில எழுதியிருக்கோணும், மாசம் மாசம் அந்தத் தொகை குறைஞ்சுகொண்டு வரோணும், பத்து மாசம் நிண்ட பிள்ளையிட்ட முழுக்காசையும் கேக்கேலாது. உங்களுக்கு ஒண்டும் படிப்பிக்காம, சும்மா வோர்டில நிக்க வைக்கிறதுக்கு ரெண்டு வருசம் கட்டிப்போடுறது நியாயமில்லை. என்ன செலவுக்கு இந்த பொண்ட் என்டு கேளுங்கோ, பதில் சொல்லாட்டி அந்த வரியை வெட்டச் சொல்லுங்கோ.

அந்த அண்ணாவுக்கு ஒரு சதமும் குடாதேங்கோ. நோட்டீஸ் போர்டில கிடந்த வேலையைச் சொன்னதுக்கு ஒரு மாசச் சம்பளமோ? நேர ஆஸ்பத்திரிக்குப் போய் சீவியைக் குடுத்தா அதே வேலைதான். உப்பிடியான ஆக்கள் பேந்து "வெளிநாட்டுக்கு அனுப்பிறன், ரெண்டு வருச எக்ஸ்பீரியன்ஸ் லெற்றரும் நான் எடுத்துத் தாறன்" என்டும் வருவினம். வளைகுடா நாடுகளில டேற்றாஃப்ளோ என்டு ஒரு சரிபார்ப்பு இருக்கு, அவை ஆஸ்பத்திரியையே நேர கேப்பினம், பொய் லெற்றர் பிடிபட்டா அந்தக் கதவு மூடினதுதான். ஏஜென்சிக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின்ர லைசென்ஸ் இருக்கோ என்டு பணியகத்தின்ர 1989 நம்பருக்கு அடிச்சுக் கேளுங்கோ. இங்கிலாந்துக்கு எடுக்கிறவை நேர்சிட்ட வேலைக்கெண்டு காசு வாங்கக்கூடாது, அங்கத்தைய விதியே அதுதான், இது இங்க கனபேருக்குத் தெரியாது.

இன்னொண்டு, நீங்கள் எழுதேல்லை, ஆனா கேக்கோணும். உங்கட டிப்ளோமாவை இலங்கை தாதியர் சபை ஏற்கிறதோ? ஆறு மாசக் கோர்சுக்கும் "நேர்சிங்" என்டு போர்ட் போட்டு லட்சக்கணக்கில வாங்குறவை இருக்கினம். படிச்ச இடத்திட்ட கேக்காதேங்கோ, சபையிட்டையே கேளுங்கோ. இதுக்கெல்லாம் வடக்குப் பிள்ளையள் ஏன் கொழும்புக்கு ஓடோணும், யாழ்ப்பாணத்தில ஒரு மேசை போட்டு ஒரு ஆளை இருத்த முடியாதோ, எத்தினை வருசமாச்சு இதைக் கத்தி. சம்பளம், ஈபிஎஃப் முறைப்பாட்டோட தொழில் திணைக்களத்துக்குப் போனாலும் அந்தப் பேப்பர் இல்லை, இந்தப் பேப்பர் இல்லை என்டு திருப்பி விடுவினம், அதுக்காகப் போகாம விடாதேங்கோ.

திங்கக்கிழமை போய் மரியாதையாக் கேளுங்கோ: பேசிக் 30,000, ஈபிஎஃப் முதல் மாசத்தில இருந்தே, ஓ.ரி. (கூடுதல் நேர வேலைக்காசு) ஒன்றரை மடங்கு, பொண்ட் இல்லை, ஒரிஜினல் தரமாட்டன். நைட் முடிஞ்சு சாவகச்சேரிக்கு எப்பிடி வாறதெண்டும் கேளுங்கோ, ஹொஸ்டல் தந்தா பஸ் காசு மிஞ்சும். எல்லாத்துக்கும் ஓம் எண்டா, சம்பளம் குறைவெண்டாலும் சேருங்கோ. ஈபிஎஃப்புக்கும் ஒரிஜினலுக்கும் மாட்டன் எண்டா, அடுத்த இடத்தில சீவியைக் குடுங்கோ. சேர்ந்தா முதல் மாசமே பே ஸ்லிப்பைக் கேட்டு வாங்கி, ஈபிஎஃப் நம்பர் அதில இருக்கோ என்டு பாருங்கோ.