கராச்சி மக்கள்தொகை: எந்த எண்ணை எடுப்பது?

வணக்கம். கராச்சியின் 2017ஆம் ஆண்டு மக்கள்தொகை ஓரிடத்தில் 1.49 கோடி என்றும் வேறோரிடத்தில் 1.60 கோடி என்றும் இருப்பதால், கட்டுரையில் எதைக் கொள்வது என்று கேட்டிருந்தீர்கள். முன்னது நகர்ப்பகுதிக்கு மட்டும் உரியது. பின்னது சுற்றுவட்டாரக் கிராமங்களும் அடங்கிய கராச்சி கோட்டத்துக்கு உரியது. 2023ஆம் ஆண்டின் 2.04 கோடியும் கோட்டக் கணக்கே என்பதால் ஒப்பீட்டுக்குப் பின்னதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் 2017இல் தங்கள் நகரைக் குறைத்து எண்ணிவிட்டார்கள் என்று அங்குள்ள கட்சிகள் கடுமையாக ஆட்சேபித்திருப்பதால், ஆறே ஆண்டுகளில் கூடியதாகத் தெரியும் சுமார் 44 லட்சம் முழுவதையும் உண்மையான பெருக்கம் என்று எழுதிவிடாதீர்கள்.

கட்டுரையில் இனவாரி விகிதம் என்று நீங்கள் குறித்திருப்பது, உண்மையில் தாய்மொழிவாரிக் கணக்கு. 1998இல் உருது 48.5, பஞ்சாபி 13.9, பஷ்தோ 11.4, சிந்தி 7.2 விழுக்காடு. பிரிவினையின்போது இந்துக்களில் பெரும்பாலோர் வெளியேறி, இந்தியாவிலிருந்து முஸ்லிம் அகதிகள் வந்து குவிந்ததாலேயே சிந்து மாகாணத்தின் தலைநகரான கராச்சியில் சிந்தி இவ்வளவு பின்தங்கியது. குஜராத்தியும் மேமனியும் பேசும் வணிகக் குடும்பங்கள் ‘பிற’ என்ற ஒரே கட்டத்துக்குள் மறைந்துவிடுகின்றன. கராச்சியின் மதராசிப் பாடா என்ற குடியிருப்பில் வாழும் தமிழர்களுக்கும் அந்தப் பட்டியலில் தனி இடமில்லை.