குளியலறையில் ஏர்பிரஷ்: தலை சுற்றுவது ஏன்?

கேள்வி: எனக்கு 38 வயது. ஓய்வு நேரத்தில் 1/48 அளவு விமானங்களும் 1/24 அளவு கார்களும் பிளாஸ்டிக் கிட்டில் செய்கிறேன். பெயின்ட்டில் தூசி ஒட்டக் கூடாது என்பதற்காக, பாத்ரூமில் வெந்நீர் ஷவரைச் சில நிமிடம் திறந்து வைத்து, ஆவி அடங்கியதும் கதவிடுக்கில் ஈரத்துண்டைச் செருகிவிட்டு ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயின்ட்டைத் தெளிக்கும் கருவி) அடிப்பது வழக்கம். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும். சாதாரண மாஸ்க் போட்டிருப்பேன். இரண்டு மாதமாக, அடித்து முடித்ததும் தலைவலி, லேசான தலைசுற்றல், தொண்டை எரிச்சல் வருகின்றன. வெளியே வந்தால் ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடுகிறது. போன வாரம் ஒரு காருக்கு ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) கலந்த கிளியர் கோட், அதாவது நிறமில்லாத மேற்பூச்சு, அடித்தேன். அன்று இரவு இருமல் தூங்கவே விடவில்லை. இது ஆபத்தா? நல்ல மாஸ்க் வாங்கினால் போதுமா? மனைவி நான்கு மாதக் கர்ப்பிணி. வாசனை பிடிக்கவில்லை என்கிறார்.

பதில்: முக்கியமான விஷயத்தைக் கடைசி வரியில் வைத்திருக்கிறீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன். இன்றிலிருந்து அந்தக் குளியலறையில் லேக்கர், எனாமல், ஸ்ப்ரே கேன், ஹார்டனர் சேர்த்த கிளியர் எதையும் அடிக்காதீர்கள். லேக்கர் பெயின்ட்டை இளக்கும் தின்னர்கள் பலவற்றில் உள்ள டொலுயீன் தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகக்கூடியது. போதைக்காக அதை அளவில்லாமல் முகர்ந்த தாய்மார்களின் குழந்தைகளிடம் எடைக்குறைவும் மூளை வளர்ச்சிக் குறைபாடும் பதிவாகியுள்ளன. உங்கள் கதவிடுக்கில் கசிந்த வாசனை அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆகவே நடந்ததை நினைத்து இருவரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த முறை மகப்பேறு மருத்துவரைப் பார்க்கும்போது ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், போதும். ஆனால் இனியும் தொடர்வதற்கு எந்தக் காரணமும் இல்லை. வாசனை பிடிக்கவில்லை என்று அவர் சொன்னது சிணுங்கல் இல்லை. உங்கள் வீட்டில் சரியாக வேலை செய்கிற அபாய மணி அவருடைய மூக்குதான். உங்கள் மூக்கு பழகிப்போய்விட்டது.

இப்போது உங்கள் தலைவலி. உள்ளே இருக்கும்போது வருகிறது, வெளியே வந்தால் போகிறது. இதற்கு ஸ்கேன் எடுத்துத்தான் காரணம் கண்டுபிடிக்க வேண்டும் என்பதில்லை. தின்னர் போன்ற கரைப்பான்களின் ஆவி நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து மூளையைக் கொஞ்சம் மந்தப்படுத்துகிறது. மது செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். காற்றோட்டத்துக்கு வந்ததும் ஒரு பகுதி மூச்சிலேயே வெளியேறும், மீதியை உடல் சிதைத்து வெளியேற்றிவிடும். வருடக்கணக்கில், தினமும் பல மணி நேரம் இதிலேயே கிடந்த தொழில்முறை பெயின்டர்களிடம் மறதி, கவனக்குறைவு, எரிச்சல் எனத் தங்கிவிடும் பாதிப்பு உண்டு. 1970களில் ஸ்காண்டிநேவிய மருத்துவர்கள் அதை விரிவாகப் பதிவு செய்தார்கள். ஓய்வு நேரத்தில் மட்டும் அடிக்கும் நீங்கள் அந்த வரிசையில் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் தலை சுற்றுகிறது என்றால் ஒவ்வொரு முறையும் அளவு மீறுகிறது என்றுதான் பொருள்.

ஏன் மீறுகிறது? ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 அடிக்கு 8 அடி, உயரம் 8 அடி என்று வைத்தால் குளியலறையில் இருப்பது 320 கன அடி காற்று. சாதாரண குளியலறை ஃபேன் நிமிடத்துக்கு 50 கன அடி இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறைக் காற்று ஒருமுறை மாற ஆறரை நிமிடம் ஆகும். நிறைந்திருக்கும் ஆவியில் 95 சதவீதம் வெளியேற மூன்று முறை மாற வேண்டும். அதாவது அடிப்பதை நிறுத்திய பிறகும் சுமார் 20 நிமிடம். இதெல்லாம் வெளியேறும் காற்றுக்கு ஈடாக வேறு காற்று உள்ளே வரும்போதுதான். நீங்களோ வரும் வழியை ஈரத்துண்டால் அடைத்துவிட்டீர்கள். ஃபேன் சத்தம் போடுகிறது, வேலை செய்யவில்லை. அதுவும் அது கூரையருகில் இருக்கிறது. அசிட்டோன் ஆவி காற்றைப் போல இரண்டு மடங்கு கனம், டொலுயீன் மூன்று மடங்கு. காற்று அசையாத அறையில் அவை கீழே தங்கப் பார்க்கும், குனிந்து வேலை செய்யும் உங்கள் முகமும் அங்கேதான் இருக்கிறது.

ஷவர் ஆவி யோசனையில் பாதி உண்மை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஈரம் தூசியைக் கீழே இறக்கும். ஆனால் தின்னர் ஆவியை இறக்காது. அறை சூடாக இருந்தால் தின்னர் இன்னும் வேகமாக ஆவியாகும். இதில் வேடிக்கை, ஈரப்பதம் கூடினால் லேக்கர் பூச்சு பால் படிந்தது போல வெளுத்துப்போகும். கல்லூரி நாட்களில் நானும் ஒரு விமானத்தை அப்படி வெளுக்க வைத்திருக்கிறேன். அது ஏன் என்று புரிந்தது பல வருடம் கழித்துத்தான்.

சின்ன அறை, கனமான ஆவி, அடைத்த கதவு மூன்றும் சேர்ந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு பதிவு இருக்கிறது. அமெரிக்காவில் 2000 முதல் 2011 வரை, வீடுகளில் குளியல் தொட்டிகளுக்குப் புதுப்பூச்சு அடிக்கும் தொழிலாளர்கள் 13 பேர் இறந்ததை அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2012இல் வெளியிட்டது. அவர்கள் பழைய பெயின்ட்டை உரிக்கப் பயன்படுத்திய பொருளில் டைக்ளோரோமீத்தேன் இருந்தது. உடலுக்குள் போனதும் அதில் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. மாடல் செய்பவர்களுக்கும் இந்தப் பெயர் புதிதல்ல. ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் சில திரவப் பசைகளில் அது இருக்கிறது. தொழிலாளர்கள் எடுத்தது லிட்டர் கணக்கில், நீங்கள் எடுப்பது தூரிகை நுனியில் ஒரு சொட்டு. ஆகவே இதைப் படித்துவிட்டுப் பசைப் புட்டியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. லேபிளைப் படியுங்கள், அந்தப் பெயர் இருந்தால் ஜன்னல் திறந்த அறையில் மட்டும் மூடியைத் திறங்கள்.

மாஸ்க்குக்கு வருவோம். சாதாரண துணி மாஸ்க், அறுவை சிகிச்சை மாஸ்க் இரண்டும் இதற்கு உதவாது. என்95 பெயின்ட் துளிகளைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. உங்களுக்குத் தேவை மூக்கையும் வாயையும் இறுக்கமாக மூடும் ரப்பர் முகமூடி, அதில் கரைப்பான் ஆவிக்கான கரி அடைத்த கேட்ரிட்ஜ், அதன் மேல் துகள் வடிகட்டி. தாடி இருந்தால் ஓரம் ஒட்டாது. உபயோகித்தபின் காற்றுப் புகாத பையில் போட்டு வைக்காவிட்டால் கரி மேஜையிலேயே தீர்ந்துபோகும். ஈரப்பதம் அதிகமான காற்றில் கரி இன்னும் சீக்கிரம் தீரும். அதனால் ஷவர் ஆவி உங்கள் புது மாஸ்க்கின் ஆயுளையும் குறைக்கும். வாசனை வரத் தொடங்கினால் கேட்ரிட்ஜ் முடிந்தது என்று கொள்ளுங்கள்.

ஆனால் வாசனையை நம்ப முடியாத ஒரு பொருள் உண்டு. அதுதான் போன வாரம் நீங்கள் அடித்தது. உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் யோசிக்க வைத்தது தலைவலி இல்லை, அந்த ஒரு இரவு இருமல்தான். ஹார்டனர் கலக்கும் யூரிதேன் கிளியர் கோட்டில் ஐசோசயனேட் என்ற வகை ரசாயனம் இருக்கிறது. கார் பெயின்டர்களுக்குத் தொழில்வழி ஆஸ்துமா வருவதற்கு முக்கியக் காரணம் இதுவே. இதன் குணம் வேறு. ஒருமுறை உடல் இதற்கு ஒவ்வாமை பழகிக்கொண்டால், பிறகு மிகமிகக் குறைந்த அளவே மூச்சுத்திணறலைக் கிளப்பிவிடும். அடித்த உடனே வராமல் பல மணி நேரம் கழித்து, இரவில் வருவதும் உண்டு. ஆபத்தான அளவு காற்றில் இருந்தாலும் மூக்குக்குத் தெரியாமல் போகலாம் என்பதால், தொழிற்கூடங்களில் இதற்கு வெளியிலிருந்து குழாய் வழியே நல்ல காற்று தரும் கவசம் போடுகிறார்கள். வீட்டில் அது நடக்காது. எனவே என் தீர்ப்பு இதில் கறாரானது: அந்த கிளியரை விட்டுவிடுங்கள். தண்ணீர் சார்ந்த கிளியர் அந்தக் கண்ணாடிப் பளபளப்பைத் தராமல் போகலாம், பரவாயில்லை.

தண்ணீர் சார்ந்த அக்ரிலிக் என்றதும் பயமே இல்லை என்று நினைக்க வேண்டாம். தூரிகையால் பூசினால் பெரிய பிரச்சனை இல்லை. ஏர்பிரஷ்ஷில் போட்டால் அதுவும் நுரையீரலின் ஆழம் வரை போகும் நுண்துளிதான். நிறமிகளும் பிசினும் அங்கே போய் ஒட்ட வேண்டிய பொருட்கள் அல்ல. துகள் வடிகட்டி அவசியம்.

குளியலறைக்கே உரிய இன்னொரு ஆபத்தை நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லாமல் விட முடியாது. கிட்டில் வரும் குரோம் பாகங்களின் முலாமை உரிக்கப் பலரும் பிளீச்சில் ஊறப் போடுகிறார்கள். ஏர்பிரஷ்ஷைக் கழுவ அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரை ஊற்றுகிறார்கள். தின்னர், ஐசோபுரப்பைல் ஆல்கஹால் எல்லாம் அதே வாஷ்பேசினில் போகிறது. பக்கத்திலேயே ஆசிட் வகை டாய்லெட் கிளீனர். பிளீச்சும் ஆசிடும் சேர்ந்தால் குளோரின் வாயு. பிளீச்சும் அமோனியாவும் சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு. பிளீச்சோடு அசிட்டோன் அல்லது அந்த ஆல்கஹால் சேர்ந்தால் குளோரோஃபார்ம் உருவாகலாம். பேசினுக்குக் கீழே வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும், நேற்று ஊற்றியதும் இன்று ஊற்றுவதும் அங்கே சந்தித்துக்கொள்ளும். நீங்கள் வேண்டுமென்றே கலக்க வேண்டியதே இல்லை. பிளீச் வேலையைத் தனி வாளியில், வேறு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய தின்னரைச் சாக்கடையில் விடாமல் மூடி போட்ட கண்ணாடிப் புட்டியில் ஊற்றி வையுங்கள். நிறமி அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததைக் கழுவுவதற்கு மறுபடி பயன்படுத்தலாம். மிச்சத்தை ரசாயனக் கழிவாகத்தான் கொடுக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை வரப்போகிற வீடு.

குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். தின்னர் ஆவியும் ஸ்ப்ரே கேனைத் தள்ளும் புரொப்பேன், பியூட்டேன் வாயுக்களும் தீப்பற்றக்கூடியவை. கீசரின் சிறு சுடர் போதும். ஈரத்தரையில் கம்ப்ரெஸர் ஒயர் கிடப்பதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் பல் துலக்கும் பிரஷ். அடிக்கும்போது பறக்கும் துளிகள் கண்ணாடியில் மட்டும் படிவதில்லை, திறந்து நிற்கும் பிரஷ்கள், துண்டுகள் எல்லாவற்றிலும் படியும். பாகங்களைத் தேய்த்துக் கழுவ வைத்திருக்கும் பழைய பிரஷ் எது, வாயில் வைக்கும் பிரஷ் எது என்று குழம்பிப்போன ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூர்மையாக்கும் பழக்கம் இருந்தால் அதையும் இன்றே விடுங்கள். சில நிறமிகளில் காட்மியம் உண்டு, பழைய எனாமல்களில் ஈயமும் இருக்கலாம்.

எங்கே உட்கார்ந்து அடிக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. டாய்லெட் மூடியின் மேல் என்றால் முதுகும் கழுத்தும்தான் வலிக்கும். மூடி திறந்த நிலையில் அரை மணி நேரம் கிட்டின் செய்முறைத் தாளைப் படிக்கிற ஆளாக இருந்தால் மூலநோயைப் பற்றித் தனியாகக் கடிதம் எழுதுங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. நெஞ்சக மருத்துவர் ஒருவரிடம் போய் ஸ்பைரோமெட்ரி (ஊதச் சொல்லி நுரையீரல் திறனை அளக்கும் சோதனை) எடுத்துக்கொள்ளுங்கள். ஐசோசயனேட் கலந்த கிளியர் அடித்தேன், அன்றிரவு இருமல் வந்தது என்று அதே வார்த்தைகளில் சொல்லுங்கள், பொதுவாக 'பெயின்ட்' என்று சொன்னால் அந்தக் கோணத்தில் பார்க்காமல் விட்டுவிடலாம். அவர் மூச்சின் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் கொடுத்துக் காலை மாலை ஊதிக் குறித்து வரச் சொல்லலாம். நடுவில் மூச்சு இழுப்பு, நெஞ்சு இறுக்கம், பேசும்போதே மூச்சு வாங்குவது என்று எது வந்தாலும் மருத்துவரைப் பார்க்கும் நாளுக்குக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள். கண்ணில் தின்னர் தெறித்தால் 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். யாராவது தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, அது நுரையீரலுக்குள் இறங்கினால்தான் பெரிய சேதம். உள்ளே அடிக்கும்போது ஒருவர் மயங்கிவிட்டால் உடனே அவசர உதவியை அழையுங்கள், கதவு ஜன்னலைத் திறந்து காற்றை உள்ளே விடுங்கள். காப்பாற்றுகிறேன் என்று அந்த ஆவிக்குள் பாய்ந்தவரும் விழுந்த சம்பவங்கள் உண்டு.

பெயின்ட் அடிப்பதை எங்கே வைத்துக்கொள்வது? ஜன்னலுக்கு வெளியே குழாய் போகும் ஸ்ப்ரே பூத் இருந்தால் நல்லது, அதுவும் மனைவி இருக்கும் பக்கத்துக்குக் காற்று வராத அறையில். அது இல்லையென்றால் திறந்த வெளியில், மாஸ்க்கோடு. குழந்தை பிறக்கும் வரை கரைப்பான் வகைகளை மூட்டை கட்டி வைத்துவிட்டு, கட்டும் வேலையையும் தூரிகை அக்ரிலிக்கையும் வைத்துக்கொண்டால் எனக்கு இன்னும் நிம்மதி. குளியலறையை முற்றிலும் கைவிட வேண்டியதில்லை. புது கிட்டின் பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் அலசுவதற்கும், ரெசின் பாகங்களைத் தூசி பறக்காமல் நனைத்த உப்புத்தாளில் தேய்ப்பதற்கும், டீகாலை (மாடலில் ஒட்டும் படத்தாளை) வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து எடுப்பதற்கும் அதைவிட வசதியான இடம் வீட்டில் இல்லை. தூசிப் பிரச்சனைக்கு ஷவர் தேவையே இல்லை: அடித்து முடித்த கையோடு, உள்பக்கம் ஈரத்துணியால் துடைத்த பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றை மாடலின் மேல் கவிழ்த்து, ஓரத்தில் சிறிது இடைவெளி விட்டு வையுங்கள்.