இரண்டு பிள்ளைகளின் யூனிஃபார்முக்கு 13,350 ரூபாயா?

கேள்வி: பையன் ஏழாவது போறானுங்க, பொண்ணு மூணாவது. பெருந்துறைப் பக்கம் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளி. யூனிஃபார்ம் எல்லாத்தையும் பள்ளிக்கூடத்துலயே வாங்கோணும்னு சீட்டு குடுத்து உட்டிருக்காங்க. பையனுக்குச் சட்டை 3 (ஒண்ணு 520 ரூபாய்), பேண்ட் 3 (680), புதன்கிழமைக்கு வெள்ளை டி-சர்ட் 2 (380), வெள்ளை டிராக் பேண்ட் 2 (450), கருப்பு ஷூ 850, கேன்வாஸ் ஷூ 450, சாக்ஸ் 5 ஜோடி 400, டை, பெல்ட் 270. மொத்தம் 7,230. பொண்ணுக்கு 6,120. வீட்டுக்காரர் தறிக்குப் போறாரு. "கலர் டிரெஸ்ல போனா பாடம் ஏறாதா, இந்த யூனிஃபார்மே எதுக்கு"ங்கறாரு. ஈரோட்டுல விசாரிச்சேன். 58 இஞ்ச் சட்டைத்துணி மீட்டர் 130, பேண்ட் துணி 220. எங்க ஊர் டெய்லர் சட்டைக்கு 250, பேண்டுக்கு 350 கேக்கறாரு. வெளிய எடுத்துத் தெச்சுக்கலாமுங்களா? கலர் கொஞ்சம் மாறுனாலும் வெளிய நிக்க வெச்சுருவாங்கன்னு பையன் பயந்துக்கறான்.
– ஒரு தாய், பெருந்துறை வட்டாரம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு, உங்கள் வீட்டுக்காரர் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். சீருடை வேண்டும். அது இல்லாவிட்டால் வாரம் ஐந்து நாளும் உங்கள் பிள்ளையின் துணி பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளையின் துணியோடு ஒப்பிடப்படும், அந்தச் செலவு 13,350-ஐத் தாண்டிவிடும். தமிழ்நாட்டில் 1985 முதல் சத்துணவுத் திட்டப் பிள்ளைகளுக்கு அரசே சீருடை கொடுத்து வருகிறது. 2012-13 முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு நான்கு செட். அந்தத் துணியில் பெரும்பங்கு நம் ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கத்து விசைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களில்தான் ஓடுகிறது. சீருடை தேவை என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. அதை ஒரே கவுண்டரில், ஒரே நாளில், அவர்கள் சொன்ன எண்ணிக்கையில் வாங்க வேண்டும் என்பதுதான் தேவையில்லாதது.

இப்போது கணக்கு. வெளியே தைத்தால் பாதி மிச்சமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. ஏழாவது படிக்கும் பையனின் அரைக்கைச் சட்டைக்கு 58 இஞ்ச் பன்னா (அகலம்) உள்ள துணி 1.20 மீட்டர் வேண்டும். 156 ரூபாய். கூலி 250-ஐச் சேர்த்தால் 406. பேண்டுக்கு 1.05 மீட்டர், 231 ரூபாய். கூலியோடு 581. ஆக ஒரு செட் 987 ரூபாய். பள்ளியில் 1,200. ஒரு செட்டுக்கு 213 ரூபாய்தான் வித்தியாசம். கூலி விழுங்கிவிடுகிறது.

பணம் போவது எண்ணிக்கையில். திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி நான்கு நாள் கலர் யூனிஃபார்ம், புதன் ஒரு நாள் வெள்ளை. வாரத்துக்கு ஒரே நாள் போடும் வெள்ளைக்கு இரண்டு செட் எதற்கு? ஒன்று போதும், 830 ரூபாய் மிச்சம். சாக்ஸ் மூன்று ஜோடி போதும், 160 மிச்சம். கலர் செட் ஜூனில் இரண்டு மட்டும் எடுங்கள். ஒன்று உடம்பில் இருக்கும்போது இன்னொன்று கொடியில் காய்கிறது. மூன்றாவதைக் காலாண்டு லீவில், அன்றைய அளவுக்கு எடுக்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பையன் வருஷத்தில் ஏழெட்டு சென்டிமீட்டர் வளர்ந்துவிடுவான். ஜூனில் மூன்றையும் எடுத்தால் பிப்ரவரியில் மூன்றுமே கணுக்காலுக்கு மேலே நிற்கும். மழை பிடிக்கும் ஐப்பசியில் துணி காயாமல் தவிக்கும் நேரத்துக்கு அந்த மூன்றாவது செட் சரியாக வந்து சேரும்.

இப்படிப் பார்த்தால் பையனுக்கு ஜூனில் கட்ட வேண்டிய 7,230-ல் 2,190 குறைந்து 5,040 ஆகிறது. இதில் 1,200 மிச்சமல்ல, நான்கு மாதம் தள்ளிப்போகும் செலவு. ஆனால் தறிக்கூலியில் ஓடும் வீட்டுக்கு ஜூன் மாதத்து 1,200-ம் அக்டோபர் மாதத்து 1,200-ம் ஒன்றல்ல. அந்த இரண்டு செட்டையும் வெளியே தைத்தால் இன்னும் 426 குறையும். பொண்ணுக்கும் இதே வழியில் சீட்டில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே "வாரத்துக்கு எத்தனை நாள்" என்று எழுதிப் பாருங்கள்.

213 ரூபாய்க்காக டெய்லரிடம் அலைய வேண்டுமா என்று கேட்டால், அலையலாம் என்போம். காரணம் விலை அல்ல, உள்மடிப்பு. பள்ளியில் தரும் ரெடிமேட் பேண்டைத் திருப்பி உள்பக்கத் தையலைப் பாருங்கள். ஓவர்லாக் அடித்து ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டியிருப்பார்கள். கால் மடிப்பும் ஒரு இஞ்சுக்கு மேல் இருக்காது. பிரிக்க அதில் ஒன்றுமில்லை. டெய்லரிடம் கால் மடிப்பு 3 இஞ்ச் விடச் சொல்லுங்கள். பின்பக்க நடுத் தையலில் ஒன்றரை இஞ்ச், சட்டையின் இரண்டு பக்கத் தையலிலும் ஒவ்வொரு இஞ்ச், கை மடிப்பில் ஒன்றரை. மேலே சொன்ன 1.05 மீட்டரில் இந்த 3 இஞ்சும் அடக்கம். 3 இஞ்ச் என்பது ஏழரை சென்டிமீட்டர். அவன் ஒரு வருஷம் வளரும் மொத்த உயரத்துக்கே அது ஈடு, காலுக்குத் தாராளம்.

இதில் ஒரு தப்பு எல்லா இடத்திலும் நடக்கிறது. கால் மடிப்பை மெஷினில் ஓட்டிவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பிரிக்கும்போது ஊசி ஓட்டைகள் வரிசையாகத் தெரியும். மடிப்பைக் கையால் ஹெம்மிங் போடச் சொல்லுங்கள். இன்னொன்று, பாலியஸ்டர் கலந்த துணி சூட்டில் பிடித்த மடிப்பை விடாது. பேண்டை அயர்ன் செய்யும்போது கீழ்விளிம்பில் பெட்டியை அழுத்தாதீர்கள். அழுத்தினால் பிரித்த பிறகும் கோடு நிற்கும். கோடு விழுந்துவிட்டால், ஒரு பங்கு வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து துணியை நனைத்துப் பிழிந்து, கோட்டின் மேல் போட்டு, மிதமான சூட்டில் தேயுங்கள். முழுதாகப் போகாது, மங்கும். முதலில் உள்ளே மறைந்திருக்கும் ஓரத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

பொண்ணுக்குப் பினோஃபார்ம் என்றால் தோள்பட்டையில் ஒரே பட்டனுக்குப் பதிலாக இரண்டு இஞ்ச் இடைவெளியில் இரண்டு பட்டன். பாவாடை என்றால் உள்பக்கம் இரண்டு இஞ்ச் டக் பிடித்து, இடுப்பின் பின்பாதியில் எலாஸ்டிக். மூணாவது வகுப்புக்கு வாங்கியது நாலாவதுக்கும் வரும்.

துணி எடுக்கும்போது பன்னாவைப் பார்க்காமல் விலையை மட்டும் பார்க்காதீர்கள். மீட்டர் 95 ரூபாய்க்கு 36 இஞ்ச் பன்னாத் துணி காட்டுவார்கள், மலிவாகத் தெரியும். அதில் அதே சட்டைக்கு 1.75 மீட்டர் பிடிக்கும். 166 ரூபாய் ஆகிவிட்டது, உங்கள் 130 ரூபாய்த் துணியைவிட 10 ரூபாய் அதிகம்! சட்டைக்கு 67 பங்கு பாலியஸ்டர், 33 பங்கு காட்டன் கலந்த டெரிகாட்டன் பொருத்தம். சுத்தக் காட்டன் ஈரோட்டு வெயிலுக்கு இதம்தான், ஆனால் தினமும் அயர்ன் வேண்டும், முதல் சலவையில் சுருங்கும். ஓர் இரவு நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டக் கொடுக்க வேண்டும். முழுப் பாலியஸ்டர் வேண்டாம், வேர்வையை உறிஞ்சாமல் முதுகில் ஒட்டும். கடைக்காரர் கலவை என்று சொல்வதை நம்ப முடியாவிட்டால் ஓரத்திலிருந்து நாலு நூல் உருவி, கடைக்கு வெளியே தரையில் வைத்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலானால் காட்டன். உருகிக் கெட்டியான கருப்பு மணியானால் பாலியஸ்டர். இரண்டும் சேர்ந்து வந்தால் கலவை. சாயம் நிற்குமா என்பதற்கு, வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து மேலே இருபது தரம் தேயுங்கள்.

வெள்ளை டி-சர்ட்டைத் திருப்பூர் காதர்பேட்டையில் எடுக்கலாம். 180 ஜி.எஸ்.எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) கேளுங்கள். 150-க்குக் கீழே போனால் உள்பனியன் தெரியும். பனியன் துணி நீளவாக்கில் சுருங்கும், ஒரு சைஸ் கூட எடுங்கள்.

இனிப் பையனின் பயத்துக்கு வருவோம். எங்களுக்கு மனம் கனத்தது அந்த வரியில்தான். பள்ளி ஒத்துக்கொள்ளும் முன்னே வேறு ஷேடில் சட்டை போட்டுப் பிள்ளையை அனுப்பாதீர்கள். நியாயம் உங்கள் பக்கமே இருந்தாலும், பிரேயரில் தனியாக நிற்பது அவன். பேச வேண்டியது நீங்கள்.

ஷேடு மாறிவிடும் என்று பள்ளி சொல்வதிலும் உண்மை உண்டு. ஒரே நீலத்தை இரண்டு தடவை சாயம் போட்டால் இரண்டும் சற்று வேறாகத்தான் வரும். அதனால் பள்ளியிடம் கேட்க வேண்டியவை இரண்டு: ஒரு சாண் அளவு மாதிரித் துணி, பாக்கெட்டில் தைக்கும் பேட்ஜ் தனியாக விலைக்கு. இந்த இரண்டையும் கொடுத்துவிட்டால் யார் எங்கே வாங்கினாலும் வரிசை கலையாது. மாதிரியோடு துணியை ஒப்பிடும்போது கடையின் டியூப்லைட்டில் பார்த்துவிட்டு வாசல் வெயிலிலும் பாருங்கள். உள்ளே ஒன்றாகத் தெரிந்தது வெளியே பச்சை அடிக்கும். மூன்றாவது செட்டை அக்டோபரில்தான் தைக்கப் போகிறீர்கள் என்றாலும் அதன் துணியை இப்போதே, அதே தானிலிருந்து (துணிச் சுருளிலிருந்து) வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

தனியாகப் போய்க் கேட்டால் "பார்க்கலாம்மா" என்று அனுப்பிவிடுவார்கள். பத்திருபது தாய்மார் கையெழுத்துப் போட்ட நாலு வரிக் கடிதமாகக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். மே மாதம் கேட்டால் பெரும்பாலும் நடக்காது. சப்ளையருக்கு ஆர்டர் போய்ச் சரக்கும் வந்திறங்கியிருக்கும், அதைப் பள்ளி விற்றாக வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் கேட்டால்தான் அடுத்த ஜூனுக்கு வழி பிறக்கும். இந்த வருஷத்துக்கு "எண்ணிக்கையை நாங்களே முடிவு செய்துகொள்கிறோம், பேட்ஜும் டையும் பெல்ட்டும் இங்கேயே வாங்கிக்கொள்கிறோம், ஷூவும் சாக்ஸும் வெளியே" என்று கேளுங்கள். இதற்குப் பல பள்ளிகள் இறங்கி வரும். கட்டும் பணத்துக்குச் சட்டை எத்தனை, பேண்ட் எத்தனை என்று பிரித்து எழுதிய ரசீது கேளுங்கள். "இதர கட்டணம்" என்று ஒரே வரியில் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

கட்டாயப்படுத்தினால், அந்தச் சீட்டையும் ரசீதையும் இணைத்து மாவட்டக் கல்வி அலுவலரிடம் (தனியார் பள்ளிகள்) மனு கொடுக்கலாம். திங்கள்தோறும் கலெக்டர் ஆபீசில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. சி.பி.எஸ்.இ. பள்ளியில் பிள்ளைகள் படிக்கும் வாசகர்களுக்கு: குறிப்பிட்ட கடையில்தான் புத்தகமும் சீருடையும் வாங்க வேண்டும் என்று பெற்றோரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அந்த வாரியமே 2017 ஏப்ரலில் பள்ளிகளுக்கு எழுதியிருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள்.

பள்ளி மாதிரித் துணி கொடுத்துவிட்டால் சேர்ந்து வாங்குங்கள். ஏழாவது, எட்டாவதுப் பையன்கள் 25 பேருக்கு இரண்டு செட் என்றால் சட்டைத்துணி 60 மீட்டர், பேண்ட் துணி 53 மீட்டர் பக்கம் வரும். இந்த அளவோடு திங்கள் இரவு தொடங்கும் ஈரோடு ஜவுளிச் சந்தைக்குப் போனால் சில்லறை விலையில் பேச வேண்டியதில்லை. ஒரே தான் என்பதால் 25 பேருக்கும் ஒரே ஷேடு. டெய்லரும் மொத்தமாகக் கொடுத்தால் கூலியைக் குறைப்பார். ஆனால் ஏப்ரல் கடைசிக்குள் கொடுத்துவிட வேண்டும். மே பாதிக்கு மேல் எந்த டெய்லரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார், அவசரத்தில் அந்த 3 இஞ்ச் மடிப்பையும் மறந்துவிடுவார்.

கடைசியாகச் சலவை. உங்கள் பக்கம் போர் தண்ணி உப்பு. வெள்ளை டி-சர்ட் நாலு மாதத்தில் பழுப்படிப்பது துணியின் குற்றமல்ல, சோப்பும் உப்புத் தண்ணியும் சேர்ந்து நூலில் படியும் கசடு. அதற்கு ப்ளீச்சிங் போட்டால் பாலியஸ்டர் கலந்த வெள்ளை இன்னும் மஞ்சளாகும். வெள்ளையை மட்டும் தனியாகத் துவைத்து, கடைசி அலசலுக்கு ஒரு குடம் குழாய்த் தண்ணி வைத்துக்கொள்ளுங்கள், சொட்டு நீலமும் அதிலேயே. உள்பக்கத்தைத் திருப்பி நிழலில் காயப்போடுங்கள். அயர்னும் உள்பக்கம்தான், இல்லாவிட்டால் நெஞ்சில் அச்சடித்த பள்ளிச் சின்னம் வெடித்துவிடும்.