ஓவியமா ஊழியமா: படிப்பை நிறுத்தத் துடிக்கும் மகனின் பெற்றோருக்கு

கேள்வி: மகன் கவின்கலைக் கல்லூரியில் பி.எஃப்.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறான். மிஷனெரி முகாம் ஒன்றுக்குப் போய் வந்ததிலிருந்து, படிப்பை விட்டுவிட்டு வடமாநிலப் பணித்தளத்துக்குப் போகிறேன் என்கிறான். என் கணவர் அவனை வங்கித் தேர்வுக்குப் படிக்கச் சொல்கிறார். நாங்களும் விசுவாசிகள்தான், தடுத்தால் பாவமோ என்ற பயமும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: இப்படிப்பட்ட வீடுகளில் பேச்சு பெரும்பாலும் "கர்த்தர் அழைத்தாரா, இல்லையா" என்பதிலேயே சுற்றிச் சுற்றி நிற்கும். அதை உங்களாலும் நிரூபிக்க முடியாது, எங்களாலும் முடியாது. நீங்கள் விசாரிக்க வேண்டியது வேலையை. என்ன வேலை, அதற்கு என்ன தகுதி, யார் சம்பளம் தருகிறார்கள், எத்தனை மாதத்தில் யார் மதிப்பிடுவார்கள்? அழைப்பு உண்மையாக இருக்கும்போதே வேலை பொருந்தாமல் போவதுண்டு. 1853-ல் பிறந்த இரண்டு ஓவியர்களின் இளமையைப் பார்த்தால் இது தெளிவாகும்.

ஒருவர் வின்சென்ட் வான் கோ. நெதர்லாந்தின் சுண்டெர்ட் ஊரில் போதகர் வீட்டுப் பிள்ளை. 16 வயதில் கூப்பில் என்ற ஓவிய வியாபார நிறுவனத்தில் சேர்ந்து ஹேக், லண்டன், பாரிஸ் என்று வேலை பார்த்தார். வேலையைவிட வேதாகமத்தில் மனம் போனது. 1876-ல் வேலை போயிற்று. இங்கிலாந்தில் பள்ளி உதவியாளராக இருந்தபடி, அந்த ஆண்டின் பிற்பகுதியில் ரிச்மண்ட் மெதடிஸ்ட் ஆலயத்தில் முதல் பிரசங்கம் செய்தார். எடுத்துக்கொண்ட வசனம் 119-ஆம் சங்கீதம் 19. அடுத்து டோர்ட்ரெக்ட்டில் சில மாதம் புத்தகக் கடை வேலை. 1877 மே மாதம் ஆம்ஸ்டர்டாம்.

ஆம்ஸ்டர்டாமில் நடந்ததைக் கவனியுங்கள். டச்சு சீர்திருத்த சபையில் போதகராக வேண்டுமானால் பல்கலைக்கழகத்தில் வேதசாஸ்திரம் படிக்க வேண்டும். அதில் நுழைய லத்தீன், கிரேக்கம், கணிதம், வரலாறு என்று ஒரு தேர்வு. குடும்பம் குறையே வைக்கவில்லை. கடற்படை அதிகாரியான ஒரு பெரியப்பா வீட்டில் தங்கல்; வேதசாஸ்திரியான இன்னொரு பெரியப்பா ஸ்ட்ரிக்கர் மேற்பார்வை; லத்தீனும் கிரேக்கமும் சொல்லிக்கொடுக்க மென்டெஸ் ட கோஸ்டா என்ற நல்ல ஆசிரியர். ஆனால் பையனுக்குக் கிரேக்க இலக்கணத்தில் ஒட்டவே இல்லை. ஏழைகளுக்கு ஆறுதல் சொல்லப் போகிறவனுக்கு இந்தக் கொடுமையெல்லாம் எதற்கு என்று அவர் கேட்டதைப் பின்னாளில் அந்த ஆசிரியரே நினைவுகூர்ந்து எழுதியிருக்கிறார். ஓராண்டு கடந்து, 1878 ஜூலையில் விட்டுவிட்டார். ஆசை போதகராவதில் இருந்தது. போதகராக்கும் படிப்பில் இல்லை. உங்கள் மகனிடமும் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மருத்துவராக ஆசைப்பட்டு உயிரியல் பிடிக்காத பிள்ளைகளிடம் நாங்கள் பார்ப்பதும் இதேதான்.

பிறகு பிரஸ்ஸல்ஸ் அருகே சுவிசேஷகர் பயிற்சிப் பள்ளி. மூன்று மாதம் சோதனை முறையில் வைத்துப் பார்த்தார்கள், சேர்த்துக்கொள்ளவில்லை. அப்படியும் 1878 டிசம்பரில் சொந்தப் பொறுப்பில் பெல்ஜியத்தின் போரினாஜ் நிலக்கரிப் பகுதிக்குப் போய்விட்டார். அங்கே அவர் வேலையைப் பார்த்த சுவிசேஷக் குழு, வாஸ்ம் கிராமத்தில் ஆறு மாதத் தற்காலிக நியமனம் தந்தது. மாதம் 50 பிராங்க். சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார், சுமார் 700 மீட்டர் ஆழம். 1879 ஏப்ரலில் பக்கத்து ஃப்ராமெரி சுரங்கத்தில் வாயு வெடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ச்சலில் கிடந்தவர்களையும் தீக்காயம் பட்டவர்களையும் உட்கார்ந்து கவனித்தார். துணிமணிகளைக் கொடுத்துவிட்டார். நல்ல அறையை விட்டுக் குடிசைக்குப் போனார்.

ஜூலையில் நியமனம் நீட்டிக்கப்படவில்லை. குழுவின் ஆண்டறிக்கை அவருடைய சேவையையும் தியாகத்தையும் பாராட்டிவிட்டு, சபையை நடத்துகிறவனுக்குத் தேவையான பேச்சுத் திறன் இல்லை என்று காரணம் சொன்னது. அவருடைய அளவுகடந்த வைராக்கியமும் குழுவுக்கு உறுத்தியது என்பார்கள். எங்கள் பார்வையில் குழுவின் முடிவு கடுமையானது, ஆனால் புரிந்துகொள்ளக்கூடியது. அவர்களுக்கு வேண்டியது கூட்டம் நடத்தி, வசனம் விளக்கி, சபையைக் கூட்டிச் சேர்க்கும் ஆள். அவரிடம் இருந்தது நோயாளிப் படுக்கையருகே உட்காரும் மனம். இன்றைக்கென்றால் செவிலியர் படிப்பு, சமூகப்பணி, பேரிடர் நிவாரணம் என்று அந்த மனத்துக்குத் தனி வழிகள் உண்டு. எல்லாவற்றையும் "ஊழியம்" என்ற ஒரே சொல்லில் அடைப்பதால்தான் நம் பிள்ளைகள் தவறான வாசலில் போய் நிற்கிறார்கள்.

இந்த ஆண்டுகளில் பென்சில் கையைவிட்டுப் போகவே இல்லை. 1878 நவம்பரில், பயிற்சிப் பள்ளி கைவிரித்த அதே சமயத்தில், தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தோடு நிலக்கரித் தொழிலாளர் போய் வரும் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையை வரைந்து அனுப்பியிருக்கிறார். ஓவியனாவது என்ற முடிவு வந்தது 1880-ல், போரினாஜின் கியூம் ஊரில். அப்போதும் அவர் நேராக வண்ணத்துக்குத் தாவவில்லை. சார்ல் பார்க் என்ற பிரெஞ்சு ஓவியர் தொகுத்த பயிற்சித் தாள்களை இரவல் வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்தார். அதில் கரித்துண்டுப் பயிற்சி மட்டும் 60 தாள். பிரெஞ்சு ஓவியர் மியேயின் ஓவிய அச்சுகளையும் நகலெடுத்தார். வேதசாஸ்திரத்தின் அடிப்படைப் படிப்புக்கு உட்காராத அதே ஆள் இதற்கு உட்கார்ந்தார். ஒரு பிள்ளை எதன் அலுப்பூட்டும் பகுதியைத் தாங்குகிறது என்பது, எதைப் பற்றி உணர்ச்சியோடு பேசுகிறது என்பதைவிட நம்பத்தக்க அடையாளம்.

பெற்றோர் கவனிக்க இன்னொன்று. வேலை போன பிறகு அண்ணன் தம்பிக்குள் ஏறக்குறைய ஓராண்டு கடிதமே இல்லை. அப்பா அவரை கீல் ஊரில் மனநோயாளிகளோடு சேர்த்துவிட யோசித்தார். பேச்சு மறுபடி தொடங்கியது, தியோ 50 பிராங்க் அனுப்பியபின். பிள்ளை தோற்றுத் திரும்பும்போது வீட்டுக் கதவு எப்படி இருக்கப்போகிறது என்பதை இப்போதே முடிவு செய்துவையுங்கள்.

1853-ல் பிறந்த இன்னொரு ஓவியர் லிலியாஸ் டிராட்டர். லண்டனின் வசதியான குடும்பம். 1870-களின் மத்தியில் விசுவாசம் ஆழப்பட்டு, ஒய்.டபிள்யூ.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளம்பெண்கள் சங்கம் வழியாக உழைக்கும் பெண்களிடையே தொண்டு செய்தார்; இரவில் விக்டோரியா ரயில் நிலையப் பக்கம் போய், தெருவில் நின்ற பெண்களை விடுதிக்கு அழைத்து வருவதும் அதில் சேர்த்தி. 1876-ல் வெனிஸில் தங்கியிருந்தபோது, அங்கே இருந்த கலை விமர்சகர் ஜான் ரஸ்கினுக்கு அம்மா மகளின் படங்களை அனுப்பினார். ரஸ்கின் அசந்துபோய்ச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். 1879-ல் நிபந்தனை வந்தது: முழுவதுமாய்க் கலைக்கு ஒப்புக்கொடுத்தால் பெரும் ஓவியராகலாம். நாள்கணக்கில் யோசித்து, தொண்டுதான் என்று முடிவெடுத்தார். வின்சென்ட்டுக்கு நியமனம் போனதும் அதே ஆண்டுதான்.

ஆலயங்களில் இவர் கதையைச் சொல்லும்போது இந்த இடத்தில் "கலையைப் பலியிட்டார்" என்று முடித்துவிடுவார்கள். விட்டுப்போவது மூன்று. முதலாவது, 1879-க்கும் அவர் மிஷனெரியாக அல்ஜீரியா போனதற்கும் நடுவே ஒன்பது ஆண்டு உள்ளூர்த் தொண்டு இருந்தது. இரண்டாவது, 1887-ல் வட ஆப்பிரிக்க மிஷன் இதயம் பலவீனம் என்று அவரை ஏற்கவில்லை. 1888 மார்ச்சில் இரண்டு தோழியரோடு சொந்தச் செலவில் அல்ஜியர்ஸ் போய் இறங்கினார். அரபு தெரியாது, ஊரில் ஒருவரையும் தெரியாது. சொந்தச் செலவு என்பது குடும்பச் சொத்து இருந்ததால் நடந்தது. உங்கள் மகனுக்கு அது இருக்கிறதா? மூன்றாவது, அவர் தூரிகையை விடவில்லை. 1928-ல் இறக்கும்வரை, 40 ஆண்டு, நாட்குறிப்புப் பக்கங்களில் சின்னச் சின்ன நீர்வண்ணப் படங்கள். அரபு வாசகர்களுக்கான பிரசுரங்களுக்குச் சித்திர வேலை.

இப்போது உங்கள் வீட்டு விஷயம். பி.எஃப்.ஏ. நான்காண்டுப் படிப்பு. பாதியில் நிறுத்தினால் கையில் பட்டம் இருக்காது. பிறகு இறையியல் கல்லூரிக்குப் போனாலும் பி.டி. என்ற இறையியல் பட்டப்படிப்புக்கு ஏற்கெனவே ஒரு பட்டம் இருப்பது பெரிய வசதி. மதுரை அரசரடி, சென்னை குருகுலம் போன்ற, இறையியல் பட்டம் வழங்கும் செராம்பூர் கல்லூரியின் இணைப்புக் கல்லூரிகளில் சேரும் பலர் தங்கள் திருமண்டலத்தின் பரிந்துரையோடு வருகிறார்கள். அந்தப் பரிந்துரைக்கே ஆயரும் சபையும் சில ஆண்டு ஆளைப் பார்த்திருக்க வேண்டும். ஆக, அவசரப்பட்டு வெளியேறினால் வேகமாகப் போய்ச் சேரும் இடம் ஒன்றும் கிடையாது. இதைச் சண்டையாகச் சொல்லாமல், இருவரும் சேர்ந்து கல்லூரி விவரக் குறிப்பைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

விடுமுறையில் நான்கு முதல் ஆறு வாரம் பணித்தளத்துக்கு அனுப்புங்கள். விருந்தாளியாக வேண்டாம், அங்கே பல ஆண்டு இருக்கும் ஒருவருக்குக் கையாளாக. தண்ணீர் எடுப்பது, பிள்ளைகளுக்குப் பாடம், கணக்கு எழுதுவது, அந்த ஊர்ப் பேச்சில் தினமும் பத்துச் சொல். திரும்பி வரும்போது அந்த மூத்த ஊழியரிடம் எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். முகாமின் கடைசி இரவில் கை தூக்குகிறவர்கள் பலர். மூன்றாவது வாரத்தில் வயிற்றுப்போக்கோடும் மொழி புரியாத தனிமையோடும் நிற்கும்போதுதான் ஆள் யார் என்று தெரியும். அதுவரை சபையில் சாட்சி சொல்லி அறிவிக்க வேண்டாம் என்று மகனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அறிவித்துவிட்டால், மனம் மாறினாலும் வெட்கத்துக்காகவே போகிறவர்கள் உண்டு.

எந்த மிஷனெரி அமைப்பானாலும் சேரும் முன் கேட்க வேண்டியவை உண்டு. மாத உதவித்தொகை அமைப்பு தருகிறதா, அல்லது அவனே ஆதரவாளர்களைத் திரட்ட வேண்டுமா? சோதனைக் காலம் எத்தனை மாதம், எதை வைத்து மதிப்பிடுவார்கள்? மொழிப் பயிற்சி, மருத்துவக் காப்பீடு, வருங்கால வைப்பு நிதி உண்டா? பணம் உள்ளூர்க் காணிக்கையா, வெளிநாட்டு நிதியா? வெளிநாட்டு நிதி என்றால், அதைப் பெற மத்திய அரசிடம் செய்ய வேண்டிய எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு நடப்பில் இருக்கிறதா? பதிவு புதுப்பிக்கப்படாமல் போனால் அந்தப் பணம் வருவது நின்றுவிடும். ஐந்தாண்டு கழித்து வெளியே வந்தால் அனுபவச் சான்று தருவார்களா? இவற்றைக் கேட்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், அந்த இடத்தை விட்டு எழுந்துவிடலாம்.

ஓவியனாகவே அவனுக்கு அங்கே வேலை இருக்கிறது. எழுத்தறிவுப் பாடநூல், விடுமுறை வேதாகமப் பள்ளிப் பாடப்புத்தகம், சுகாதாரப் படச்சுருள், மொழிபெயர்ப்புக் குழுக்களுக்கான சித்திரம். இதில் அனுபவமில்லாதவர்கள் சறுக்குவது ஒரே இடத்தில்: அழகாக வரைந்துவிட்டு, பார்க்கப்போகிறவர்களிடம் காட்டாமல் அச்சுக்கு அனுப்புவது. படம் பார்த்துப் பழக்கமில்லாதவர்களுக்கு இடுப்போடு வெட்டிய உருவம் ஊனமாகத் தெரியும்; பெரிதாக்கிக் காட்டிய கொசு வேறு ஏதோ பூச்சியாகத் தெரியும். அந்த ஊர் ஆட்கள் நாலைந்து பேரிடம் "இதில் என்ன நடக்கிறது?" என்று மட்டும் கேட்டு, அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டு திருத்த வேண்டும். கல்லூரியின் மீதி இரண்டு ஆண்டில் பக்க வடிவமைப்பு மென்பொருளும் தமிழ் ஒருங்குறி எழுத்துருவும் கற்று, இந்த மாதிரி 15 படமாவது தொகுப்பில் சேர்க்கட்டும். பணியாளராக வரையும் படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பொதுவாக அமைப்புக்கே போகும். பெயர் போடுவது, மறுபயன்பாடு இரண்டையும் தொடக்கத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.

வங்கித் தேர்வுப் புத்தகத்தை இப்போதைக்கு மூடி வையுங்கள் ஐயா. இறுதியாண்டுத் தேர்வு முடிந்து, இரண்டு விடுமுறைப் பணித்தள மதிப்பீடும் கையில் வந்தபின், அவன் வேறு முடிவுக்கு வந்திருந்தால் எடுத்துக்கொள்ளலாம்; வயது வரம்பு அதுவரை எங்கும் போய்விடாது.