இடது விதைச் சிரை எங்கே சேரும்?

புத்தகப் படத்தில் இரண்டு விதைச் சிரைகளும் (ஆண்களின் விதைப்பையில் உள்ள விதைகளிலிருந்து இரத்தத்தைத் திரும்பக் கொண்டுவரும் நாளங்கள்) வேறு வேறு இடத்தில் சேர்வதைப் பார்த்து, படம் தப்போ என்று கேட்டிருந்தீர்கள். படத்தில் தப்பு இல்லை. வலது விதைச் சிரை நேராகக் கீழ்ப்பெருஞ்சிரையில் (உடலின் கீழ்ப்பகுதி இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் பெரிய சிரை) சேரும், இடது மட்டும் இடது சிறுநீரகச் சிரையில்தான் போய்ச் சேரும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் என்று நினைத்ததால்தான் உங்களுக்குக் குழப்பம்.

கீழ்ப்பெருஞ்சிரை முதுகெலும்புக்கு வலப்பக்கமாக ஓடுகிறது, அதனால் இடது சிறுநீரகச் சிரை பெருந்தமனிக்கு முன்னால் குறுக்கே கடந்து நீளமாக வர வேண்டியிருக்கிறது. வழியில் சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் இடது அட்ரினல் சிரையையும் வாங்கிக்கொள்கிறது.

புத்தகத்தை மூடிவிட்டு முதலில் கீழ்ப்பெருஞ்சிரையை வலப்பக்கம் தள்ளி வரையுங்கள், அப்புறம் சிறுநீரகங்களை இணையுங்கள். இடது விதைச் சிரை கிட்டத்தட்ட செங்கோணத்தில் முட்டுவது தெரியும். வெரிகோசீல் (விதைப்பையில் சிரைகள் வீங்குவது) இடப்பக்கம் அதிகம் வர இதுவும் ஒரு காரணம்.

ஆனால் சிலருக்கு இடது சிறுநீரகச் சிரை பெருந்தமனிக்குப் பின்னால் போகும். உடற்கூறு வகுப்பில் அப்படிப் பார்த்தால் பதற வேண்டாம்.