போன வருஷத்துச் சீட்டு

அன்புள்ள ஐயா,

ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சம்பள உயர்வு கேட்டதற்கு, என் பணியை 'ரீஅப்ரைஸ்' செய்வதாக மேலாளர் பதில் போட்டிருக்கிறார். இதுவும் ரீகன்சிடரும் ஒன்றுதானா? சந்தோஷப்படலாமா? நான் எழுதியதையும் இணைத்திருக்கிறேன். உங்கள் தமிழில் இதற்கெல்லாம் சரியான சொல்லே இல்லை.

ஒரு வாசகர், வாலாஜாபேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

'உங்கள் தமிழ்' என்று தமிழிலேயே எழுதியிருக்கிறீர்கள். அதை அப்புறம் வைத்துக்கொள்கிறேன்.

ரீகன்சிடர் என்றால் எடுத்த முடிவை மறுபடி யோசிப்பது. ரீஅப்ரைஸ் என்றால் ஒன்றின் மதிப்பை மறுபடி எடைபோடுவது. அது ஏறவும் செய்யலாம், இறங்கவும் செய்யலாம். லத்தீனில் விலையைக் குறிக்கும் பிரெட்டியம்தான் இதற்கு வேர். பிரைஸும் பிரெய்ஸும் அதிலிருந்து வந்தவையே. நீங்கள் அனுப்பிய கடிதத்தில் 'ரீகன்சிடர் அபௌட் மை சேலரி' என்று இருக்கிறது. அபௌட் எதற்கு? எடுத்துவிடுங்கள். சந்தோஷப்படலாமா என்பதை என்னிடம் கேட்டு என்ன பயன்?

தமிழுக்கு வருவோம். மதிப்பு என்ற ஒரே சொல்லுக்குள் விலையும் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு எழுதிய எந்தப் பிள்ளையையும் கேளுங்கள்: மறுகூட்டல் வேறு, மறுமதிப்பீடு வேறு. முன்னதில் ஏற்கெனவே போட்ட மார்க்கை மறுபடி கூட்டுவார்கள். பின்னதில் விடையையே மறுபடி படிப்பார்கள். இவ்வளவு துல்லியமான சொல் கையில் இருக்க, எல்லாவற்றுக்கும் மறுபரிசீலனை என்று எழுதுகிறோம். மறு என்பதற்கு இன்னொரு முறை என்றும் பொருள், முடியாது என்று சொல்வதும் அதே சொல்தான். ஆபீஸ் கடிதங்களில் வரும் மறுபரிசீலனை பெரும்பாலும் இரண்டாவது வகை. பழைய தாளைத் திறக்காமலே பழைய பதிலைத் திருப்பி அனுப்புவார்கள்.

திறக்காமல் என்றதும் அம்மாவின் சங்கிலி ஞாபகம் வருகிறது. வேலூர் லாங் பஜார் பக்கம் ஓர் அடகுக்கடை. இரண்டரைப் பவுன். வருஷா வருஷம் ஸ்கூல் திறக்கும்போது உள்ளே போகும், நைனா கையில் பணம் புரண்டால் வெளியே வரும். 1980-இல் எனக்குப் பன்னிரண்டு வயது, கூடப் போயிருந்தேன். உலகம் முழுக்கத் தங்கம் ஏறிக் கிடந்த வருஷம். கடைக்காரர் துணி முடிச்சைப் பார்த்தார், பிரிக்கவில்லை. "போன வருஷ நகைதானேம்மா?" என்றபடி பழைய தொகையையே சீட்டில் எழுத ஆரம்பித்தார்.

அம்மா சீட்டின் மேல் கையை வைத்துவிட்டாள். "இன்னாங்க இது, உரைச்சுப் பாருங்க."

வேண்டாவெறுப்பாகத்தான் எடுத்தார். கறுப்புக் கல்லில் கொக்கியை இழுத்தார், மஞ்சளாக ஒரு கோடு. பக்கத்திலேயே, தங்கத்தின் மாற்றை, அதாவது தரத்தை, ஒப்பிட வைத்திருக்கும் தன் மாற்று ஊசியால் இன்னொரு கோடு. இரண்டின் மேலும் கண்ணாடிக் குச்சியால் ஒரு சொட்டு திராவகம். கோடுகள் அப்படியே நின்றன. மாற்றில் குறையில்லை. அப்புறம் தராசு. தட்டில் வைத்துவிட்டு அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையில் சின்னதாக ஒரு வெற்றி. போன வருஷத்தைவிட இரண்டு குன்றிமணி குறைவு.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பேசாமல் பழைய தொகையையே வாங்கியிருக்கலாமே என்று தோன்றியது. (கணக்கில் நான் அன்றைக்கே மட்டம்.) அம்மா மட்டும் அசையவில்லை. "சரி, இந்த எடைக்கு இன்னிக்கு ரேட்டைப் போடுங்க." போட்டார். தொகை போன வருஷத்தைவிட நன்றாகவே கூடியிருந்தது.

பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது அவருக்கே பொறுக்கவில்லை. "எடை கொறஞ்சதுக்கு நீங்க சண்டை போடலியே?"

"கழுத்துல கெடந்தது தேயாதா?" என்றாள் அம்மா. ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

உங்கள் மேலாளர் முடிச்சைப் பிரிப்பாரா என்று எனக்குத் தெரியாது. போய்ச் சீட்டின் மேல் கையை வையுங்கள். அதற்கு முன்னால் அந்த அபௌட்டை எடுத்துவிடுங்கள்.